எண்பத்து நான்கு பேருக்கு ஒரு தட்டு

எண்பத்து நான்கு பெண்கள் தங்கியிருந்த விடுதியில் ஒருத்தி மட்டும் சாப்பிட, மற்ற எண்பத்து மூன்று பேருடைய வயிறும் தானாக நிறைந்துகொண்டிருந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் நம்ப முடியாதது என்று எதுவும் இல்லை. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு, அந்த எண்பத்து மூன்று பேரில் ஒருத்திக்குக்கூட, எனக்குக்கூட, அப்போது உறைக்கவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

பாளையங்கோட்டையில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதி அது. பதினான்காம் எண் அறையில் நாங்கள் மூன்று பேர்: சாத்தான்குளத்திலிருந்து வந்த ஜெபக்கனியாகிய நான், கடையநல்லூர் ரகமத் நிஷா, புளியங்குடி இசக்கித்தாய். காசு மிச்சம் பிடிக்க நாங்கள் பார்க்காத வழி கிடையாது. பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி வரை நடந்தோம், ஒரு ஷாம்பு பாக்கெட்டை மூன்று தலைக்குப் பிரித்தோம், நான்கு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கண்ணை இடுக்கிப் படித்தோம், ஒருத்தி போட்ட ரீசார்ஜில் மற்ற இருவரும் ஒட்டிக்கொண்டோம், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறப் போனோம், பெருநாளும் கல்யாணமும் வந்தால் நிஷா மருதாணி போட்டுவிடப் போனாள், நான் யார் யாருடைய ஆய்வேட்டையோ பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி நெட் சென்டரில் உட்கார்ந்து டைப் அடித்தேன், இசக்கி விலங்கியல் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் கரப்பான்பூச்சியின் குடலைப் படத்துக்குப் பத்து ரூபாய்க்கு வரைந்து கொடுத்தாள். இத்தனையும் செய்து மாதக் கடைசியில் கையில் நின்றது என்ன என்று கேட்டால் மூவருக்கும் கோபம் வரும்.

இசக்கிக்கு இந்தச் சிக்கனம் விளையாட்டில்லை. அவளுக்கு அப்பா கிடையாது. அம்மா மாடத்தி புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் பழம் தரம் பிரிக்கிறவள். முந்தின செமஸ்டரில் மெஸ் பாக்கிக்காக இசக்கியின் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். பரீட்சைக்கு முதல் நாள் மாடத்தி மஞ்சள் பையில் நோட்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேஜைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றாள். வாங்கி எண்ணியவர் நோட்டை முகர்ந்து பார்த்து, "எலுமிச்சம்பழ வாசம்லா அடிக்கு" என்று சிரித்தார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இசக்கி அதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் அம்மா அந்த ஆபீஸுக்கு வரக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் மெஸ்ஸில் வகுத்தல் முறை. மொத்தம் ஆன செலவைச் சாப்பிட்டவர்களுக்கு நடுவில் வகுத்துப் போடுவார்கள். ஊருக்குப் போகிறவளும் விரதம் இருக்கிறவளும் மஞ்சள் காமாலைக்காரியும் முந்தின நாள் சாயங்காலமே மெஸ் வாசலில் கயிற்றில் தொங்குகிற நீள நோட்டில் பெயரையும் காரணத்தையும் எழுதிவிட்டால் அந்த நாட்களுக்குக் காசு இல்லை. இதற்கு மெஸ் கட் என்று பெயர். மூன்று நாளுக்குக் குறைந்தால் செல்லாது.

பொங்கல் முடிந்து விடுதி திறந்த இரண்டாவது வாரம், ஊருக்குப் போகிறோம் என்று மூன்று நாளைக்கு நோட்டில் எழுதிவிட்டு, ஊருக்கும் போகாமல், பன்னும் தண்ணீருமாக அறையிலேயே கிடந்தோம். கையெழுத்து குண்டு குண்டாக லட்சணமாக இருக்கும் என்பதால் மூவர் பெயரையும் இசக்கிதான் எழுதினாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மண்டபத்தில் பந்திக்கு ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், அவள் போனாள். கடைசிப் பந்தி முடிந்து பரிமாறியவர்கள் இலை போட்டு உட்காருகிற இரண்டரை மணிக்கு, பசியில் சுருண்டு படுத்திருந்த நானும் நிஷாவும் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தோம்.

"ஏட்டி கனி, எனக்கு வயிறு நெறஞ்சிட்டு" என்றாள் நிஷா.

"எனக்குந்தாட்டி" என்றேன்.

இரண்டு பேருக்கும் ஏப்பம் வந்தது. சாயங்காலம் இசக்கி எங்களுக்காகக் கைக்குட்டையில் இரண்டு ஜாங்கிரியை ஒளித்து எடுத்து வந்தாள். எங்களால் ஒரு விள்ளல்கூட உள்ளே தள்ள முடியவில்லை.

"நீ எத்தன தடவ சோறு வாங்குன?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ. பெறகு பாயசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுத் தின்னேன்."

"அதான் பாத்தேன்" என்றாள் நிஷா, வயிற்றைத் தடவிக்கொண்டே. அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. எதனால் என்று கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை, எவ்வளவு மிச்சம் என்று மட்டும்தான் பார்த்தோம்.

அடுத்த வாரம் பக்கத்து அறைக்காரிகள் சேர்ந்தார்கள். தன் பெயரைத் தானே எழுதியவளுக்குப் பசித்தது, இசக்கி கையால் எழுதியவளுக்கு நிறைந்தது. அவ்வளவுதான் விதி, அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. மாடி முழுக்கச் சேர்த்துவிடலாம் என்று சொன்னது நான்தான். இசக்கி மட்டும் மெஸ்ஸில் சாப்பிடட்டும், மற்ற எல்லோருக்கும் மெஸ் கட், ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் இசக்கிக்கு, மீதியெல்லாம் அவரவர் மிச்சம் என்று திட்டம் போட்டு, அறை அறையாகப் போய்ப் பேசி, இத்தனை நாள் இந்த மூளை எங்கே போயிருந்தது என்று என்னையே மெச்சிக்கொண்டேன். தை முடிவதற்குள் எண்பத்து மூன்று பெயர்களும் அவள் கையால் அந்த நோட்டில் ஏறிவிட்டன. காரணம் என்ற கட்டத்தில் முதலில் 'ஊர்' என்று எழுதினாள், பிறகு 'விரதம்' என்று எழுதினாள், கடைசியில் அலுத்துப்போய் எல்லோருக்கும் 'பசியில்லை' என்றே எழுதினாள்.

விடுதி இதைத் தண்ணீர் லாரி வரும் நேரம் மாறியதைப் போல ஏற்றுக்கொண்டது. சைவக்காரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், இசக்கி ஞாயிற்றுக்கிழமை மீன் தின்னக் கூடாது என்று மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். நாக்குக்கு ஒன்றும் வருவதில்லை, வயிற்றுக்குத்தான் வருகிறது, வயிற்றுக்கு மீனும் தெரியாது கத்தரிக்காயும் தெரியாது என்று ஒரு முழு சாயங்காலம் வாதாடி அந்த மனுவைக் கிழித்துப் போட்டோம். நோன்பு மாதம் வந்ததும் நிஷா, பகலில் வயிறு நிறைந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று இசக்கியிடம் சொல்லித் தன் பெயரை அடிக்கச் சொன்னாள். இசக்கி ஒரு கோடு இழுத்தாள், உடனே நின்றது; அந்த மாதத்துக்கு நிஷா தன் கையாலேயே 'நோன்பு' என்று மெஸ் கட் எழுதி வெளியே சாப்பிட்டுக்கொண்டாள். பெருநாள் மறுநாள் திரும்ப எழுதச் சொன்னாள், உடனே வந்தது. வார்டன் அருள்மணி மிஸ், இசக்கித்தாய் மதியச் சாப்பாட்டை ஒன்றேகாலுக்குள் முடித்துவிட வேண்டும், தாமதித்தால் பிற்பகல் முதல் வகுப்பில் விடுதி மாணவிகள் அனைவரும் கண்ணயர்ந்துவிடுவதாகப் புகார் வருகிறது என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேதியியல் பேராசிரியை ஒருவர் இதை ஆராய வேண்டும் என்று தராசும் குறிப்பேடுமாக வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் தன் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவன் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாவம், பரமசிவம் அண்ணாச்சிதான் கஷ்டப்பட்டார். இருபது வருடமாக அண்டாவில் கரண்டி போட்ட மெஸ் மாஸ்டர் அவர். ஒரு தட்டுக்குச் சமைக்கக் கை வரவில்லை. உப்பைப் பிடி பிடியாக அள்ளிப் பழகிய கை, சிட்டிகை போடத் தெரியாமல் திணறியது. அவரும் மூன்று வேலையாட்களும் இசக்கியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் முகத்தைப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் வைய்யி தாயி, எம்பத்தி மூணு பேரு இருக்காவல்லா" என்பார் அண்ணாச்சி. குடோனில் தை மாதம் வாங்கிப் போட்ட அரிசி மூட்டைகளில் வண்டு விழுந்தது.

எங்களுக்கு வயிறு நிறைந்தது, வாய்தான் சும்மா இருக்க மாட்டேன் என்றது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வாய் காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் வழக்கமான நேரத்துக்கு விழித்துக்கொண்டு, செய்வதற்கு வேலையில்லாமல் தவித்தது. பேனா மூடிகளைக் கடித்துத் தட்டையாக்கினோம், துப்பட்டா நுனிகளை மென்று நூல் நூலாக்கினோம், சடை நுனியைக் கடித்தோம், நகம் தீர்ந்த பிறகு விரலைக் கடித்தோம், சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கே போவது என்று தெரியாமல் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தோம், நடந்து மெஸ் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்தோம், பார்த்துவிட்டுச் சண்டை போட்டோம். பக்கெட்டுக்குச் சண்டை, மின்விசிறிக்குச் சண்டை, ஒருத்தி சத்தமாகத் துணி மடிக்கிறாள் என்பதற்குச் சண்டை. வாசலில் இருந்த பெட்டிக்கடைக்காரர் சவ்வு மிட்டாயும் புளிப்பு உருண்டையும் வறுத்த புளியங்கொட்டையும் இறக்கி வைத்துக் கடைக்குப் புதுக் கூரை போட்டார். நாங்கள் மிச்சம் பிடித்ததில் பாதி அந்தக் கூரைக்குத்தான் போனது.

இசக்கிக்கு நல்ல வருமானம் வந்தது. பரீட்சைக் கட்டணம் கட்டினாள், அம்மாவுக்குப் பணம் அனுப்பினாள். ஆனால் அவளால் ஒரு வேளை விட முடியாது. பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் வாயில் ஒன்றும் வைக்க முடியாமல் போனபோது, எண்பத்து மூன்று பேரும் பால், இட்லி, ரொட்டி, கஞ்சி என்று ஆளுக்கொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் அறை வாசலிலிருந்து மாடிப்படி வரை வரிசையில் நின்றோம். "ஒரு வாய் தின்னுட்டி, எங் கண்ணுல்லா" என்று கெஞ்சினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இட்லியை விழுங்கினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள், பிறகு அவள் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் கலைந்து போனார்கள். நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்; பஸ்ஸில் உனக்கு வாந்தி வரும், எங்கள் கதி என்ன ஆவது என்று நாங்கள் விடவில்லை.

அம்மாவோடு போனில் பேசுவதைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்போம். மாடத்தியின் குரல் கணீரென்று அறை முழுக்கக் கேட்கும்.

"சாப்ட்டியாளா?"

"சாப்ட்டேம்மா. நீ?"

"நீ சாப்ட்டாலே எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரிதாம்ளா."

நானும் நிஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை.

சித்திரை முடியும் தறுவாயில், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது மெஸ் பில்லை ஒட்டினார்கள். மாதா மாதம் கணக்குப் போடுகிற ஆபீஸ் அம்மா தை மாதக் கணக்கை முடித்துவிட்டுப் பிரசவ விடுப்பில் போயிருந்ததால், அதற்குப் பிந்தைய மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே தாளில் போட்டிருந்தார்கள். எண்பத்து மூன்று பெயர்களுக்கு எதிரே பூஜ்யம். அத்தனை பூஜ்யங்களுக்கும் நடுவில் இசக்கித்தாய் பெயருக்கு எதிரே ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம். நான்கு பேர் சம்பளம், கேஸ், பால், வண்டு விழுந்த அரிசி, வாங்கி அழுகிய காய் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். சாப்பிட்டது ஓர் ஆள். கட்டினால்தான் ஹால் டிக்கெட்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம். இசக்கி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். "அம்மாவ வரச் சொல்லுவாவல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

வார்டனிடம் ஓடினோம். "நோட்டுல இருக்கிறதுதான் கணக்கு. உங்க எல்லாருக்கும் பசியில்லைன்னு எழுதியிருக்கு" என்றார் அருள்மணி மிஸ். அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒரு வழியும் சொன்னார்: ஒரு வெள்ளைத் தாளில் அவரவர் 'நான் சாப்பிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், எத்தனை பேர் போடுகிறார்களோ அத்தனை பேருக்கும் வகுத்துவிடலாம். எல்லோரும் போட்டால் தலைக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்தான் வரும்.

நீங்கள் நினைப்பீர்கள், உடனே எல்லோரும் போட்டுவிட்டோம் என்று. மூன்றாவது மாடிக்காரி ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் ஒரு பருக்க தொட்டிருப்பனா? சாமி சத்தியமா தொடல. தொடாததுக்கு எப்படி சாப்ட்டேன்னு எழுதுவேன்?" என்று கேட்டாள். கேட்டதும் பலருக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொருத்தி, நாங்கள்தான் தினம் இரண்டு ரூபாய் கொடுத்தோமே என்றாள். மத்தியானம் வரை நிஷாவையும் சேர்த்துப் பன்னிரண்டு கையெழுத்துதான் விழுந்தது. நான் போடவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, இனி அறையிலேயே உட்கார்ந்து டைப் அடிக்கலாம் என்று பழைய லேப்டாப் ஒன்று தவணைக்கு வாங்கியிருந்தேன், இரண்டு தவணை பாக்கி. அதோடு, பொய் எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இசக்கி யாரிடமும் எதுவும் சொல்லாமல், மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காராமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் பசி வந்தது. மூன்று மாதமாக வராத பசி, வட்டியும் முதலுமாக எண்பத்து மூன்று வயிற்றிலும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தது. பரமசிவம் அண்ணாச்சி துள்ளி எழுந்து, பெரிய அடுப்பைப் பற்றவைத்து, அண்டா நிறைய இட்லி அவித்து இறக்கினார். சட்னியின் காரம் நாக்கில் பட்டதும் சிலர் அழுதேவிட்டார்கள். வாய்க்கு எல்லாம் தெரிந்தது, வயிற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து இட்லி, பதினைந்து இட்லி, கடையில் பரோட்டா, அதற்கு மேல் வாழைப்பழம் என்று போட்டுக்கொண்டே இருந்தோம், கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நோட்டை எடுத்து எங்கள் பெயர்களை நாங்களே அடித்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோட்டையும் அவள் கைதான் இழுக்க வேண்டும் போலிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தாளில் நாற்பத்தொரு கையெழுத்து ஏறியது, என்னுடையது அப்போதும் இல்லை.

என்னைத்தான் அனுப்பினார்கள். நீள நோட்டையும் அந்தத் தாளையும் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். "அவள கூட்டிட்டு வா. வரலன்னா நாலு வாய் திங்கவாவது வச்சிட்டு வா" என்று கேட் வரை வந்து சொன்னார்கள். சங்கரன்கோவிலில் பஸ் மாறி, பசியில் காது அடைக்க, ஜன்னல் கம்பியை மென்றுவிடுவேனோ என்று பயந்துகொண்டே போனேன்.

சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. இசக்கி தரையில் உட்கார்ந்து, கழித்துப்போட்ட எலுமிச்சம்பழங்களை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தாநாளிலிருந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"சாப்பிடுட்டி" என்றேன். வந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொன்னதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

"முடியல கனி. சோத்தப் பாத்தாலே எம்பத்தி மூணு வாய் தெரியுது" என்றாள்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லையாம், படிக்க லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாளாம். பகல் பன்னிரண்டரைக்கு மாடத்தி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாம்மா, எப்ப வந்த? வெயில்ல வந்திருப்பியே" என்று சொல்லிக்கொண்டே கை கழுவி, இரண்டு தட்டை எடுத்து வைத்துப் பானையைத் திறந்தாள். பானைக்குள் அகப்பையை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டி, நிறைய இருக்கிற மாதிரிச் சத்தம் எழுப்பித்தான் சோற்றை எடுத்தாள். மகளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. புளிக்குழம்பும், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயும்.

"எனக்கு வேண்டாம்மா. இசக்கி சாப்பிட்டா எனக்கு நெறஞ்சிரும்" என்று தட்டைத் தள்ளினேன்.

மாடத்தி ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கும் அப்படித்தாம்மா" என்று சிரித்தாள். என் தட்டுச் சோற்றைத் திரும்பப் பானையில் போட்டு மூடினாள். பிறகு மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தின்னுளா, ரெண்டு நாளா மொகம் வாடிக் கெடக்க" என்றாள். எண்பத்து மூன்று பேருக்கு முடியாது என்று சொன்னவளால் அந்த ஒரு முகத்துக்குச் சொல்ல முடியவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இரண்டு. மூன்று.

எனக்கு வந்தது. காது திறந்தது, வயிற்றில் கதகதப்பாக இறங்கி உட்கார்ந்தது. கண்ணைச் சொருகிக்கொண்டு சுவரில் சாய்ந்து ஏப்பம் விட்டேன். என் போனில் நிஷாவின் செய்தி வந்து விழுந்தது: வந்துட்டு டி, எல்லாருக்கும் வந்துட்டு. இசக்கி என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாகப் பார்த்த முகம்தான், நிறைந்த வயிற்றுக்காரியின் முகம். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு நெறஞ்சிட்டாம்மா?"

"நெறஞ்சிட்டுளா. நீ தின்னு."

அப்போது மாடத்தியின் வயிறு இரைந்தது. சின்ன வீடு, விசிறிகூட ஓடவில்லை, மூன்று பேருக்கும் கேட்டது. மாடத்தி அவசரமாக எழுந்து, உப்பு ஜாடியை எங்கே வைத்தேன் என்று தேடத் தொடங்கினாள். உப்பு ஜாடி தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இசக்கியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் பேரு எழுதுனவளுக்குத்தாம்மா நெறையும்" என்றாள். "ஒம் பேர நான் எழுதவே இல்லையே. இத்தன வருசமா ஒனக்கு எப்படிம்மா நெறஞ்சிது?"

மாடத்தி திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி, "சந்தையில ரெண்டு வட தின்னேன்ளா, அதான்" என்றாள். அப்படிச் சொல்லும்போது வயிறு மறுபடியும் இரைந்தது.

இசக்கி இடது கையை நீட்டி என்னிடம் நோட்டைக் கேட்டாள். சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவையும் கேட்டாள். அம்மாவின் பெயரை எழுதப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எண்பத்து நான்காவது பெயரும் ஏறிவிட்டால் இவள் காலம் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் எழுதவில்லை. கடைசியாக எழுதிய பட்டியலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய பெயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்தாள். அவசரப்படாமல், ரெக்கார்டு நோட்டில் கோடு போடுகிற மாதிரி நேராக, ஒரு பெயருக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பாளையங்கோட்டையில் ஒருத்திக்கு வயிறு காலியாகியிருக்கும், யாரென்று எனக்குப் பெயர் தெரியும். நாற்பதாவதோ என்னவோ என் பெயர். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள். என் பசி எனக்குத் திரும்பி வந்தது.

எண்பத்து மூன்றும் முடிந்ததும் நோட்டை மூடினாள். தன் தட்டை எடுத்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

"இப்ப நீ தின்னு. நான் பாக்கணும்."

மாடத்தி வேண்டாம் என்றாள், எச்சில் தட்டா என்றாள், பிறகு சாப்பிடுகிறேன் என்றாள், கூச்சத்தில் சிரித்தாள். கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள்.

"இங்கிட்டுத் திரும்பித் தின்னும்மா. நீ திங்கத நான் பாத்ததே இல்ல" என்றாள் இசக்கி. அழுதுகொண்டுதான் சொன்னாள். மாடத்தி திரும்பினாள். அவள் எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டாள் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்கம்மா" என்று கேட்டேன். பானையில் இருந்ததை இசக்கி மூன்றாகப் பிரித்தாள். இந்தத் தடவை அகப்பையை யாரும் தட்டவில்லை. அந்த ஊறுகாயை நாக்கில் வைத்ததும் தாடை வலித்தது. மூன்று மாதத்தில் இத்தனை தட்டு அவள் சாப்பிட்டிருக்கிறாள், ஒரு தட்டின் ருசியைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் விடுதியில் அவரவர் பசியோடு அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனார்கள், அண்ணாச்சி உப்பைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டார், வயிறு நிறைந்து எழுந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் கடைசி வரை போடவில்லை, அவர்கள் பங்கையும் எங்களுக்குள் வகுத்துக்கொண்டோம். நான் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி நெட் சென்டருக்குப் போனேன். இசக்கி பரீட்சை எழுதினாள். மாடத்தி அந்த ஆபீஸுக்கு வரவில்லை.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மூன்று பேருக்கும் அரை வயிறுதான் ஆகியிருந்தது. நான் அந்தத் தாளை எடுத்துத் தரையில் விரித்து, நாற்பத்தொரு கையெழுத்துக்குக் கீழே, சாப்பிட்டேன் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். கையைக் கழுவாமலே போட்டேன்.